மும்முனையின் ஒன்பது பாட்டும் முப்பத்திரண்டு விருந்தாளிகளும்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வெள்ளக்கல்பாளையத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள்தான் பிறக்கும், வெல்டிங் பொறி தெறிக்கத் தெறிக்கப் பட்டறையில் பிறந்து, பச்சையும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்துக்கொண்டு, பூசணிக்காய் சுற்றிப் போட்டுக்கொண்டு, பத்து ஆளை ஏற்றிக்கொண்டு வடக்கே போய் யார் யாருடைய பூமியையோ துளைத்துவிட்டு எட்டு மாதம் கழித்து வரும், ஆகவே அப்படிப்பட்ட ஊரில் பிறக்கிற பாட்டும் கொஞ்சம் இரைச்சலாகத்தான் இருக்கும் என்பதை வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த இரைச்சலுக்கு மும்முனை என்று பெயர். மோட்டார் ஓட வருகிற மும்முனைக் கரண்டை வைத்து வைத்த பெயர். குழுவிலும் மூன்றே பேர். கீபோர்டு வாசித்துப் பாடுகிற சுடர்க்கொடி, ரிதம் பேடு தட்டுகிற அவள் தம்பி பரணிதரன், கம்ப்யூட்டரில் வயர்களைச் செருகி விநோதமான ஓசைகளை வரவழைக்கிற செல்போன் ரிப்பேர் கடை ரியாஸ். ஒரு வருடம் பாடுபட்டு ஒன்பது பாட்டுக்கு வீடியோ எடுத்தார்கள். ஆடுவதற்கு ஆள் வெளியே தேடவில்லை, பட்டறை ஆட்கள், பூக்காரம்மா, பஞ்சாயத்து கிளார்க், கல்யாணச் சமையல்காரி கந்தாயி என்று நாங்கள்தான் ஆடினோம், திருவிழாவுக்கு ஒட்டியதுபோக மீந்த ஜிகினாத் தாளைச் சட்டைமேல் சுற்றிக்கொண்டு, பரணியும் ரியாஸும் சேர்த்து முப்பத்திரண்டு பேர். சுடர்க்கொடி மட்டும் ஒரு காட்சியிலும் கிடையாது, ஏனென்றால் அவள் கேமராவுக்குப் பின்னால் நின்று எங்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

கேமராக்காரர் மருதாசலம். இருபத்தைந்து வருடமாகக் கல்யாணமும் காதுகுத்தும் எடுத்த கை. பாட்டு ஒன்பதையும் ஒரே சி.டி.யில் தொகுத்துக் கொடுங்கள் என்று சொன்னபோது அவர் கை தனக்குத் தெரிந்தபடிதான் தொகுத்தது, முதலில் பிள்ளையார் வந்தார், பிறகு ஒரு ரோஜாப்பூ இதழ் இதழாக விரிந்தது, அதன் நடுவிலிருந்து 'தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து விருந்துண்டு சிறப்பிக்க அன்புடன் அழைக்கிறோம்' என்று தங்க எழுத்து ஓடியது, அதற்குப் பிறகுதான் முதல் பாட்டு. அழைப்பு எழுத்தை எடுக்க மறந்துவிட்டேன் என்று அவரே பிற்பாடு தலையைச் சொறிந்தார். ரியாஸ் பார்த்தான், சிரித்தான், இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

சி.டி. வெளிவருவதற்கு முன்பே வீட்டில் வெடித்துவிட்டது. பத்தாவதாக ஒரு பாட்டு இருந்தது, பரணி தானாகப் போட்டது. ரிக்கின் சுத்தியல் பாறையில் இறங்குகிற சத்தத்தையே தாளமாக வைத்து, நடுவில் கம்ப்ரசர் இரைச்சல், கடைசியில் எல்லாம் நின்று, தண்ணீர் பீறிட்டு வரும் ஓசை. சுடர்க்கொடி கேட்டுவிட்டு, இது பாட்டு இல்லை பட்டறை, ஒன்பதே போதும் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். ஆறு வயது மூத்தவள், அம்மா போன பிறகு சட்டைக்குப் பித்தான் தைப்பதிலிருந்து எல்லாவற்றையும் அவளே தீர்மானித்துப் பழகியவள். பரணி சத்தம்கூடப் போடவில்லை.

"என்னைக்காவது என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கியாக்கா? வா, உக்காரு, நில்லு, அவ்வளவுதான. ஒரு நாள் என்னைய மனுசனா மதிச்சுக் கூப்பிட்டா வர்றேன்."

மறுநாள் காலையில் ராஜஸ்தானுக்குக் கிளம்பிய ரிக்கில் ஏறிப் போய்விட்டான். சுடர்க்கொடி போன் போட்டால், அவள் குரல் கேட்டதும் வைத்துவிடுவான். நாற்பது நாள் இப்படியே ஓடியது.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடந்தது, மருதாசலம் சும்மா கிடந்தார், கந்தாயியின் அண்டாக்களும் கவிழ்ந்து கிடந்தன, அதனால் ஆடிப் பதினெட்டன்று மண்டபத்தில் சி.டி.யைப் போட்டு ஊருக்கே சாப்பாடு என்று ஏற்பாடானது. காலை பத்தரைக்கு மும்முனைக் கரண்டு வந்ததும் போட்டார்கள். பிள்ளையார் வந்தார், ரோஜா விரிந்தது, அழைப்பு ஓடியது, திரையிலிருந்து அவர்கள் இறங்கி வந்தார்கள்.

முப்பத்திரண்டு பேர், ஜிகினா சலசலக்க, ஒவ்வொருவராக, செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, பன்னீர்ச் செம்பு எங்கே என்று கண்ணால் தேடிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எங்கள் முகம், எங்கள் நடை, எங்கள் தொப்பை. எப்படி வந்தீர்கள் என்று விருந்தாளியைக் கேட்கிற பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. எப்ப வந்தீங்க என்றுதான் கேட்போம், கேட்டோம். இப்பத்தானுங்க என்றார்கள். பஞ்சாயத்து கிளார்க் தன்னைப் பார்த்துத் தானே எழுந்து நின்று கும்பிட்டார், ஜிகினா கிளார்க்கும் எழுந்து நின்று கும்பிட்டார், இருவரில் யார் முதலில் உட்காருவது என்று தெரியாமல் இரண்டு பாட்டு முடிகிறவரை நின்றுகொண்டே இருந்தார்கள்.

முதல் பந்தி அவர்களுக்குத்தான் போட்டோம். பாதி பெண்கள் அதில். எங்கள் பெண்கள் எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்கார்ந்ததில்லை, பரிமாறி, பாத்திரம் எடுத்து, ரசம் தண்ணீராகிப்போன கடைசிப் பந்தியில் அவசரமாக உட்காருகிறவர்கள், அன்றைக்கு அவர்கள் தங்களையே முதல் பந்தியில் பார்த்தார்கள். ஆயிரம் கல்யாணத்துக்குச் சமைத்த கந்தாயி, கரண்டியோடு ஜிகினாக் கந்தாயியின் இலைக்கு முன்னால் வந்து நின்று, சந்தகை இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டாள். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, வெய்யி கண்ணு, நல்லாருக்குது என்றாள். தன் சமையல் நன்றாயிருக்கிறது என்று கந்தாயியிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான், கந்தாயிக்குக் கண் கலங்கிவிட்டது, புகை என்று சொல்லிக்கொண்டாள்.

சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள். மாலையாகியும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, கேட்பதற்கு எங்களுக்கும் வாய் வரவில்லை. மூன்றாம் நாள் கந்தாயிதான் நெற்றியில் அடித்துக்கொண்டாள். தாம்பூலப் பை கொடுக்கவில்லை. பை கொடுக்காமல் எந்த விருந்தாளி கிளம்புவான்? ஆனி மாதக் கல்யாணம் ஒன்றில் மீந்துபோன மஞ்சள் பைகள், 'கோமளா – மாணிக்கவேல்' என்று அச்சடித்தவை, மண்டபத்து அலமாரியில் கிடந்தன. தேங்காய், வெற்றிலை, பாக்கு போட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுத்ததும் முகம் மலர்ந்து, போயிட்டு வர்றமுங்க என்று சொல்லி, செருப்பைப் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரைக்குள் ஏறிப் போனார்கள். சொன்ன சொல்லை மீறாமல், அடுத்த முறை சி.டி. போட்டதும் வந்தார்கள்.

அதற்கப்புறம் எங்கள் ஊரில் நடந்ததை முழுக்கச் சொல்லப் பொழுது போதாது. கேபிள்காரர் ஆர்வக்கோளாறில் சி.டி.யை ஊர் முழுக்க ஒளிபரப்பிவிட, நானூறு வீட்டிலும் ஒரே நேரத்தில் அழைப்பு ஓடியதால், பாவம் அந்த முப்பத்திரண்டு பேரும் எந்த வீட்டையும் தட்டாமல் வீட்டுக்கு ஒரு வாய் என்று ஓடி ஓடிச் சாப்பிட்டு மூச்சு வாங்கினார்கள், அதிலிருந்து வடக்குத் தெருவுக்குத் திங்கள், பட்டறைத் தெருவுக்குச் செவ்வாய் என்று முறை வைத்துக்கொண்டோம். பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டுக்காரர்கள், சண்டைக்கு முன்னால் எடுத்த வீடியோவில் இருக்கும் எதிர்வீட்டு ஜிகினாக்காரருக்குச் சோறு போட்டுப் போட்டு, பிறகு அசலையும் கூப்பிட்டார்கள். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்: சங்ககிரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் சி.டி. போட்டபோது அங்கே வந்து இறங்கியவர்களின் கையில் எங்கள் கோமளா – மாணிக்கவேல் பை தொங்கியது. இங்கே கொடுத்தது அங்கே போய்ச் சேரும் என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

சுடர்க்கொடி முதல் நாளே அவனைப் பார்த்துவிட்டாள். ஜிகினாப் பரணி, காதோரம் கொஞ்சம் தாள் கிழிந்து, பந்தியில் உட்கார்ந்து அவளைத் தேடி, அக்கா பசிக்குது என்றான். அவனுக்குச் சண்டை நடந்ததே தெரியாது. கடைசிப் பாட்டு எடுத்த நாளோடு அவன் நாள் நின்றுபோயிருந்தது, சண்டை அதற்கு அப்புறம்தானே. அவள் மூன்று நாளும் அவன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. தன் வீட்டு முறை வந்தபோது ஒன்பது பாட்டும் போட்டாள், ஒப்புட்டு சுட்டுப் போட்டாள், முப்பத்தொரு பேருக்குப் பை கொடுத்தாள், பரணிக்குக் கொடுக்கவில்லை.

மற்றவர்கள் போனார்கள், அவன் இருந்துவிட்டான். பதினோரு நாள் வைத்திருந்தாள். அந்தப் பதினோரு நாளும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பொய், இல்லை என்றாலும் பொய். அவன் சாப்பிட்டான், சிரித்தான், டேபிளில் விரலால் தட்டினான், டக் டக் டக், சுத்தியல் இறங்குகிற அதே தாளம். தினமும் ஒரே கேள்வி கேட்டான், என்ற பாட்டு பத்தாவதா வருமாக்கா, இல்ல முதல்லயேவா? தினமும் அவள் சட்னி அரைக்கப் போய்விட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வான், அழைத்தவர்கள் தாமாக வழியனுப்பட்டும் என்று காத்திருக்கிற நல்ல விருந்தாளியாக, ஒன்றும் கேட்காமல்.

ஊரில் ஆட்டம் கெட்டுப்போனது. அந்தந்தத் தெரு முறைக்கு சி.டி. போட்டால் ரிதம் பேடுக்குப் பின்னால் வெறும் நாற்காலி, தாளம் இல்லாமல் கீபோர்டு மட்டும் அழுதது, முப்பத்தொரு பேரும் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். யாரும் சுடர்க்கொடியைக் கண்டிக்கப் போகவில்லை. கந்தாயி மட்டும் ஒரு மத்தியானம் முறுக்கு எடுத்துக்கொண்டு போனாள், வாசற்படியில் இருந்தவனுக்கு நாலு முறுக்கு கொடுத்தாள், உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"ஏங் கண்ணு, அந்தப் பையன் செருப்பப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறதப் பாத்தியா?"

"பாத்தனுங்க்கா."

"பதினோரு நாளாப் போட்டிருக்கறான். வந்தவன வெச்சிருக்கற. வர வேண்டியவன எப்பக் கூப்பிடுவ?"

சுடர்க்கொடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கூப்பிட்டால் வரமாட்டான் என்றாள். கூப்பிட்டாயா என்று கந்தாயி கேட்டாள். போன் போட்டாளாம். போனில் என்ன சொன்னாய் என்றால், உடனே கிளம்பி வாடா என்று சொன்னாளாம். கந்தாயி ஒரு முறுக்கைக் கடித்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. கோபித்துக்கொண்டு போன உறவை அழைக்க வேண்டுமானால் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வீட்டு மனுஷர் நேரில் போய் நின்று அழைக்க வேண்டும். மூன்றாம் மனிதர் கையில் கொடுத்தனுப்பினால் அது அழைப்பு ஆகாது, வெறும் தகவல். சுடர்க்கொடியே போகலாம்தான், ஆனால் போனில் குரல் கேட்டதும் வைக்கிறவன் ஆளைக் கண்டதும் வேறு ரிக்குக்குத் தாவிவிடுவான். யாரைப் பார்த்து அவன் ஓட முடியாது என்று யோசித்தாள், வாசற்படியைப் பார்த்தாள், எழுந்து முகம் கழுவினாள்.

அன்று மாலை மருதாசலத்தையும் ரியாஸையும் வரவழைத்து, பிள்ளையாருக்கும் ரோஜாவுக்கும் அடுத்து புது எழுத்து ஓட வைத்தாள். சுத்தியல் சத்தத்தைப் பாட்டு இல்லை என்று சொன்ன அதே வாயால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல மருதாசலம் தட்டினார்: 'பத்தாவது பாட்டு: இசை பரணிதரன். அவர் வந்த பிறகு எடுக்கப்படும். வரவை எதிர்நோக்கும் அக்கா சுடர்க்கொடி.' ராஜஸ்தான் ரிக்குக்கு ஆள் மாற்றப் போகிற இரண்டு பேர் அன்றைக்கு ரயிலேற இருந்தார்கள், அவர்களிடம் அந்தப் புது சி.டி.யைக் கொடுத்து, ரிக் லாரியில் இருக்கும் டி.வி.யில் போடச் சொன்னாள். பிறகு தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, குங்குமம் வைத்து, வாசற்படிக்கு வந்து, படியில் இருந்தவனுக்கு முன்னால் நின்றாள். எங்கள் தெரு முழுக்க அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது, பார்க்காததுபோல.

"இத அவங்கிட்டக் குடு. அக்கா நேர்ல நின்னு அழைச்சாங்கன்னு சொல்லு. வாடான்னு சொல்லல, வாங்கன்னு சொன்னாங்கன்னு சொல்லு."

தட்டில் இருந்ததை எல்லாம் மஞ்சள் பையில் போட்டு, பெரிய தேங்காயாகப் பார்த்து ஒன்றையும் போட்டு, இரண்டு கையாலும் கொடுத்தாள். போயிட்டு வர்றன்க்கா என்றான். வீட்டு டி.வி.க்குள் ஏறும்போது ஒரு கால் உள்ளே வைத்துத் திரும்பிப் பார்த்து, அப்ப பத்தாவதுதான என்று கேட்டான், ஆமாம் சாமி என்றாள் அவள்.

அங்கே எந்த நேரத்தில் போடுவார்களோ, அப்போது இங்கே விருந்தில் மாட்டிக்கொண்டிருந்தால் அவனால் எப்படிப் போக முடியும்? யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஒருவரும் சி.டி. போடவில்லை. வடக்குத் தெரு தன் திங்களை விட்டுக்கொடுத்தது, பட்டறைத் தெரு தன் செவ்வாயை விட்டுக்கொடுத்தது, சங்ககிரி சொந்தங்களுக்கும் ரியாஸ் ஆள் அனுப்பி டி.வி.யைப் போர்த்தி வைக்கச் சொன்னான், சாயங்காலமானால் ஊரே தாளம் இல்லாமல் உம்மென்று இருந்தது. ரிக் நின்ற இடத்தில் டவர் இல்லையாம், சேதி ஒன்றும் வரவில்லை. சுடர்க்கொடி தினமும் வாசற்படியைப் பார்த்துப் பார்த்து உள்ளே போனாள்.

இருபதாவது நாள் காலையில், பதினொரு மணி டவுன் பஸ்ஸிலிருந்து பரணி இறங்கினான். ஜிகினா இல்லை, காதிலும் புருவத்திலும் மணல், முகம் கறுத்து, கையில் கோமளா – மாணிக்கவேல் மஞ்சள் பை. நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக அவன் பின்னால் நடந்தோம். வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே போகாமல், ஊர்ப் பெரிய மனுஷன் தோரணையில் தொண்டையைச் செருமினான்.

"அழைச்சிருந்தீங்களாமே. வந்திருக்கறனுங்க."

சுடர்க்கொடி கையில் மாவோடு ஓடி வந்தாள். வாங்க என்று சொல்லத்தான் வந்தாள், வாய் திறந்தால் அழுகைதான் வந்தது, இரண்டு மாவுக் கையையும் கூப்பினாள். அதைப் பார்த்ததும் அவனுடைய பெரிய மனுஷத் தோரணை எல்லாம் கரைந்துபோய், செருப்பைக் கழற்றி உதறிவிட்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். எங்களில் பாதிப் பேர் சிரித்தோம், பாதிப் பேர் அழுதோம், இரண்டையும் சேர்த்துச் செய்தவர் மருதாசலம், கேமராவையும் விடவில்லை.

பிறகுதான் நடந்ததைச் சொன்னான். அறுநூறு அடி துளைத்தும் தண்ணீர் இல்லாத ஒரு மணல்காட்டில், புதிதாக வந்த இருவரும் லாரி டி.வி.யில் சி.டி.யைப் போட, முப்பத்திரண்டு பேரும் மணலில் வந்து இறங்கினார்களாம். எழுத்தை முதலில் படித்தானாம், நிமிர்ந்தால் எதிரே தானே பையோடு நிற்கிறானாம். அக்கா வாங்கன்னு சொன்னாங்க என்று ஜிகினாப் பரணி சொன்னானாம், அந்த வார்த்தையை அக்கா சொல்லியிருக்க மாட்டாள் என்று இவன் சண்டை போட்டானாம், சொன்னாள் என்று அவன் சத்தியம் செய்தானாம், தன்னிடமே பொய் சொல்ல முடியாதே என்று கடைசியில் நம்பினானாம். இருந்த ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் எல்லாருக்கும் போட்டார்கள். தேங்காய் எங்கே கிடைக்கும் அங்கே? அக்கா கொடுத்த தேங்காயை உடைத்து, முப்பத்தொரு சில்லாகக் கீறி, வெற்றிலையைக் கிள்ளி வைத்து முப்பத்தொரு பேருக்குத் தாம்பூலம் என்று கொடுத்து அனுப்பிவிட்டான். தன் ஜிகினாவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. நான் போனால் ரிக்கில் ஒரு ஆள் குறையும், எனக்குப் பதில் கொஞ்ச நாள் நீ இரு என்று கேட்டுக்கொண்டானாம். ஆகட்டும் என்று அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மிஷின் மேல் ஏறிக்கொண்டானாம். அவன் தாளத்தோடு சுத்தியலை இறக்க, அறுநூற்று நாற்பதாவது அடியில் தண்ணீர் பீறிட்டது என்று பிற்பாடு சேதி வந்தது, ரிக் ஊர் திரும்பும்வரை அவன் அங்கேயே இருந்துவிட்டு, இங்கே வந்து பை வாங்கிக்கொண்டு திரைக்குள் போனான்.

பத்தாவது பாட்டைப் பெரிய பட்டறையில் எடுத்தோம், அசல் ரிக்கை ஓட விட்டு, அசல் பரணி தட்ட, சுடர்க்கொடி முதல் தடவையாகக் கேமராவுக்கு முன்னால் ஜிகினா சுற்றிக்கொண்டு வந்து நின்றாள், எங்கே நிற்கட்டும் என்று தம்பியைக் கேட்டாள், அவன் காட்டிய இடத்தில் நின்றாள். அதற்கப்புறம் விருந்தாளிகள் முப்பத்து மூன்று பேர் ஆனார்கள். புதிதாக வந்தவள் இறங்கியதும் மற்றவர்களை எல்லாம் அதட்டி வரிசையில் உட்கார வைத்தாள், பந்தி ஒழுங்காக நடந்தது.

பத்துப் பாட்டும் சேர்ந்த சி.டி. வெளிவந்த நாளில் மண்டபத்தில் மறுபடி ஊருக்கே சாப்பாடு. அன்று ஜிகினாக்காரர்கள் இறங்கியதும் உட்காரவில்லை, ஜிகினாக் கந்தாயி அசல் கந்தாயியின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, உக்காரு கண்ணு என்றாள், நாங்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தோம், எங்களுக்கு நாங்களே பரிமாறினோம், சுத்தியல் சத்தத்துக்கு ஏற்றபடி சாம்பார் வாளிகள் வந்தன, தண்ணீர் பீறிடும் இடம் வந்தபோது மண்டபமே எழுந்து கூவியது, இலையோரம் ரசம் வழிந்ததை யாரும் பார்க்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வாசலுக்கு வந்தோம். அங்கே சுடர்க்கொடி பை கொடுத்துக்கொண்டிருந்தாள், அசலுக்கும் ஜிகினாவுக்கும் ஒரே மாதிரி, இரண்டு கையாலும், போயிட்டு வாங்க என்று சொல்லிச் சொல்லி. வரிசையில் கடைசியாக அசல் பரணி வந்து கையை நீட்டினான். கூடையில் இன்னும் ஒரு பை இருந்தது.

"என்ற பை எங்கக்கா?"

சுடர்க்கொடி கூடையைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு இல்ல."

அவன் போட்டிருந்த செருப்பைக் கழற்றினான்.